குளிப்பாட்டுவதும் நர்ஸ் வேலைதான்

டோர்ட்முண்டிலிருந்து ஊருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்காமார் அண்ணன்மாருக்கும், நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கும்,

தனித்தனியாக எழுத வேண்டிய பதில்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றையெல்லாம் ஒன்றாக்கி இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்த அம்மாவிடம் சிலர் கேட்டிருக்கிறீர்கள்: “இவ்வளவு படிச்சிட்டு, கடனையும் வாங்கிட்டு, செர்மனியில போய் கிழவன் கிழவியக் குளிப்பாட்டத்தானா போனா உனக்க மவ?” அம்மா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் சொல்லாத பதிலை நான் சொல்கிறேன்.

ஆமாம், குளிப்பாட்டுகிறேன். காலை ஆறு மணிக்கு எங்கள் ஷிப்ட் தொடங்கும். இரவு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்ததும் நான் செய்யும் முதல் வேலை அதுதான். நம்மூரில் ஆசுபத்திரியில் படுத்தால் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும். முகம் கழுவிவிடுவது, கஞ்சி கொடுப்பது, துணி மாற்றுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அந்த ஆளின் பாடு. ஊசியும் டிரிப்பும் மாத்திரையும் சிஸ்டரின் பாடு. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் வேலை பார்த்தேன். இங்கே வார்டில் கூட நிற்கும் ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள், போய்விடுவார்கள். நோயாளியின் உடம்பு முழுவதும் நர்சின் பொறுப்பு. நான் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு செய்த நரம்பு ஊசி குத்தும் வேலையை இங்கே பல ஆசுபத்திரிகளில் டாக்டரே செய்கிறார்.

அந்தக் குளிப்பாட்டலில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதலில் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி அவருடைய சம்மதம் கேட்க வேண்டும். முகத்துக்குச் சோப்பு போடலாமா என்பதை அவர்தான் சொல்வார். கழுவுகிற பாகம் மட்டும்தான் திறந்திருக்கும், மற்றதைத் துண்டால் மூடி வைத்திருப்போம். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டவர் என்றால் இடது கையில் ஈரத்துணியைக் கொடுத்து, முகத்தை அவரையே துடைக்கவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் துடைத்தால் அரை நிமிஷத்தில் முடியும். அவர் துடைக்க ஐந்து நிமிஷம் ஆகும். அடுத்த அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ஐந்து நிமிஷத்தைப் பிடுங்காமல் இருப்பது கடினம். ஆனால் அந்த மனிதர் மறுபடி வீட்டுக்குப் போய்த் தன் காரியத்தைத் தானே பார்ப்பாரா என்பது இப்படிப்பட்ட நிமிஷங்களில்தான் முடிவாகிறது.

முதுகைத் துடைக்கும்போது இடுப்பெலும்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, அப்போதே புரட்டிப் படுக்கவைக்கிற ஏற்பாட்டை மாற்ற வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம் என்று டாக்டரைக் கூப்பிடுவேன். வாய் கொப்பளிக்கும்போது புரையேறினால், விழுங்குவதில் ஏதோ கோளாறு என்று காலைச் சாப்பாட்டை நிறுத்தி வைப்பேன். அதைக் கவனிக்காமல் ரொட்டியைக் கொடுத்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருக்கலாம். இவ்வளவையும் எழுதிவைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவிடம் கேட்டவர்களே, நான் நாலு வருஷம் படித்த உடற்கூறும் உடலியலும் இந்த ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கும்போது தேவைப்பட்ட அளவுக்கு வேறெப்போதும் தேவைப்பட்டதில்லை.

டோர்ட்முண்ட் நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த ஊர். இந்த ரூர் வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் போட்ரோப் என்ற ஊரில் மூடினார்கள். பூமிக்கடியில் உழைத்து ஓய்ந்தவர்கள் இப்போது எங்கள் வார்டுக்கு மூச்சுத்திணறலோடு வருகிறார்கள். அவர்கள் முதுகைத் துடைக்கும்போது சிலருக்கு நீலநீலமாகத் தழும்புகள் தெரியும். கல் விழுந்து கிழித்த காயத்துக்குள் கரித்தூள் தங்கி, தோல் அதன்மேல் மூடி ஆறிய தழும்பு அது. அதைப் பற்றிக் கேட்டால் சுரங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் ஜெர்மன் தேறியது அந்தப் பேச்சில்தான். பாடப்புத்தகத்தில் இல்லாத ஜெர்மன் அது.

எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள் என்று எழுதினால் அது பொய். என் நிறத்தைப் பார்த்து “நீ என்னைத் தொடாதே” என்று சொன்ன ஒரு பாட்டியும் உண்டு. அன்று எங்கள் வார்டுப் பொறுப்பாளர் அறைக்குள் வந்து, இங்கே யார் நர்ஸ் என்பதை ஆசுபத்திரிதான் முடிவு செய்யும் என்று என் முன்னாலேயே அந்தப் பாட்டியிடம் சொன்னார். அவர் அப்படி நிற்காமல் இருந்திருந்தால் நான் இங்கே தங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆள் பற்றாக்குறையும் உண்மை. ராத்திரி வேலையில் சில நேரம் ஓடி ஓடிக் கால் கடுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து எங்களை அழைப்பதே அதனால்தான்.

இந்த நாட்டில் நான் பார்த்து நம்மூரை நினைத்துக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. சம்பளம் வாங்குகிற எல்லாரிடமிருந்தும், முடியாமல் போனால் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு தனிக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். 1995-இல் கொண்டுவந்தது. ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று வீட்டுக்கே வந்து பார்த்து, ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார்கள். மகளோ மருமகளோ வீட்டில் வைத்துப் பார்த்தால் அதற்கும் மாதாமாதம் பணம் உண்டு. சில நிபந்தனைகளோடு, பார்த்துக்கொள்பவரின் ஓய்வூதியக் கணக்கிலும் அந்த உழைப்பு சேரும். அந்தப் பணம் போதாது, முதியோர் இல்லச் செலவு பல குடும்பங்களை முறிக்கிறது என்று இங்கே தினமும் சண்டை நடக்கிறது. இருந்தாலும், ஒரு பெண் தன் மாமியாரைத் தூக்கி உட்காரவைப்பதை உழைப்பு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நம் தெருவில் படுக்கையில் கிடந்த மாமனாரை வருஷக்கணக்கில் பார்த்த அக்காமார் எத்தனை பேர்! அவர்கள் முதுகுவலியைப் பற்றி யாராவது கேட்டோமா? கூலிக்கு வந்து பார்த்த பெண்ணுக்குத் தனித் தம்ளரில் காப்பி கொடுத்த வீடுகளும் நம்மிடம் உண்டு. என் வேலையைக் கேட்டு முகம் சுளித்ததும் அந்தத் தம்ளரும் வேறுவேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வாடகைக்கு வீடு பிடித்தால் பல வீடுகளில் அடுப்போ கழுவுதொட்டியோ இருக்காது, அடுக்களையையே நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் மற்றக் காரியங்கள் நகர்வது சிரமம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, ஆணி அடிக்கக்கூடாது. டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். காலை ஷிப்ட் முடிந்து வீடு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சூரியனையே பார்க்காத நாளாகிவிடும். முதல் குளிர்காலத்தில் இது என்னைச் சாய்த்தது. இப்போது இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் மழையோ தூறலோ, நேராக வீட்டுக்குப் போகாமல் ஹோர்டேயில் இருக்கும் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். பழைய இரும்பாலை இருந்த இடத்தில் தோண்டி உண்டாக்கிய ஏரி அது. ஜூனில் ராத்திரி பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும், அப்போது இந்த ஊரை விட்டுப் போக மனசு வராது.

மரச்சீனிக்கிழங்கு கிடைக்குமா என்று கேட்ட மாமிக்கு: கிடைக்கிறது. உறையவைத்த பாக்கெட்டில். சாளையும் அயிலையும்கூட. இதற்கெல்லாம் ஈழத்துத் தமிழர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. கையில் ஒன்றுமில்லாமல் வந்து, உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர்கள், பிள்ளைகளுக்குத் தமிழாலயம் என்ற பெயரில் பள்ளிகள் நடத்துகிறார்கள். ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002-இல் குடமுழுக்கு நடத்தியிருக்கிறார்கள். அங்கே தேர் இழுக்கும் நாளில் நானும் போனேன். ஆகஸ்டில் நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கேவலார் மாதா கோயிலில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், அதில் இந்துக்களும் நிறையப் பேர். வேளாங்கண்ணிக்குப் போன நிறைவு எனக்கு அங்கே கிடைத்தது. நான் வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். என்னை “பிள்ளை” என்றுதான் கூப்பிடுவார்.

நவம்பர் 1 நமக்கு நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். இங்கே அன்று அனைத்துப் புனிதர் திருநாள், அரசு விடுமுறை. நாம் மறுநாள் கல்லறைத் திருநாளில் செய்வதை இவர்கள் அன்று பிற்பகலிலேயே செய்கிறார்கள்: கல்லறைக்குப் போய்ச் சிவப்புக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இங்கே கல்லறை இடம் பெரும்பாலும் குத்தகைதான். இருபது முப்பது வருஷத்தில் தவணை முடிந்து, யாரும் புதுப்பிக்காவிட்டால் இடத்தை எடுத்துக்கொள்வார்கள். இதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

எங்களுக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-களிலேயே கேரளத்திலிருந்து இளம்பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபை வழியாக ஜெர்மன் ஆசுபத்திரிகளுக்கு வந்தார்கள். எல்லை தாண்டினால் நம் ஊர்தான், நம் வயசுப் பிள்ளைகள்தான். இந்த நாட்டின் பிணியாளர்களைப் பார்த்துக் கேரளத்தில் வீடு கட்டினார்கள், தங்கைகளைக் கரையேற்றினார்கள். 1970-களின் பிற்பகுதியில் அனுமதி நீட்டிப்பு மறுக்கப்பட்டுப் பலர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தங்கியவர்கள் இப்போது ஓய்வுபெற்ற அம்மச்சிமார். கொலோனில் ஒரு மலையாளப் பூசையில் அவர்களில் சிலரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துப் பார்த்து, “கை வெடிச்சிருக்கே, நல்லா க்ரீம் போடு மோளே” என்றார் ஒரு அம்மச்சி.

இனி, வர நினைக்கிற பிள்ளைகளுக்கு. கடன் வாங்கி வந்தேன் என்பது சரியில்லை. என் பயணச் செலவையும் ஆவணங்களின் மொழிபெயர்ப்புச் செலவையும் வேலை கொடுத்த ஆசுபத்திரி ஏற்றது. நர்சிடம் பணம் வாங்காமல் ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கென்று ஜெர்மன் அரசு ஒரு தரமுத்திரையே வைத்திருக்கிறது. ஆகவே லட்சக்கணக்கில் கேட்கும் ஆளிடம் அப்பாவின் நிலப்பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

பணத்தை விடப் பெரிய செலவு மொழிக்கு ஆகும் உழைப்பு. ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்து வந்தாலும், முழு நர்சாக அங்கீகாரம் பெற அடுத்த நிலையான பி2 வேண்டும். கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நாலு பகுதி. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம், அதனால் ஒன்றில் தவறினால் மனசு விட்டுவிடாதீர்கள். நம் பட்டப்படிப்பை இங்கே பாடம் பாடமாக, மணிக்கணக்காக ஒப்பிடுவார்கள். குறைகிற இடத்துக்குப் பயிற்சி அல்லது தேர்வு. அதுவரை உதவியாளர் சம்பளம்தான். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மாதமே “எவ்வளவு அனுப்புவ?” என்ற கேள்வி வரும். இவ்வளவு சிரமப்பட்டு வேற்று நாட்டுக்குப் போவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று: நெய்யூர் ஆசுபத்திரியில் சாமர்வெல் என்று ஒரு டாக்டர் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்துக்காரர், பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் நம் மண்ணில் வைத்தியம் பார்த்தார். வேற்று நாட்டில் நோயாளியின் பக்கத்தில் நிற்பது நம் ஊருக்குப் புதிய சங்கதி இல்லை. அன்று அவர்கள் நம் ஊருக்கு வந்தார்கள், இன்று நாம் வெளிநாட்டுக்குப் போகிறோம்.

உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு மனசு ஒப்பாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். அது குற்றமில்லை, வேறு வழிகள் உண்டு. ஆனால் வந்த பிறகு “நான் பி.எஸ்சி. நர்சிங், இதையா செய்வது” என்று அழுகிற பிள்ளைகளை இங்கே பார்க்கிறேன். அவர்களை அழவைப்பது வாளியும் துணியும் இல்லை, ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற நினைப்புதான். அந்த நாலு பேர் நீங்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதம் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல் உங்களுக்கும்.

கோட்டாறு சவேரியார் திருவிழாச் சமயத்தில் ஊருக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் பங்கு மண்டபத்தில் உட்காரலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் கொண்டுவாருங்கள், எந்தத் தாளுக்கு எங்கே முத்திரை வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காமாரும் வாருங்கள். முதுகு நோகாமல் ஒரு ஆளைப் புரட்டுவது எப்படி என்று செய்து காட்டுகிறேன், ஒரு கட்டிலும் இரண்டு போர்வையும் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பிள்ளை
டோர்ட்முண்ட், ஜெர்மனி