ஸ்டெடியாக இருப்பவர்களுக்கு

“மச்சான், நான் ஸ்டெடிடா!” டாஸ்மாக் பார் வாசலில் பைக்கை எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருகுகிறார்கள். மீதிப் பேருக்குச் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றுவதில்லை. அளவோடு குடித்தால் ஓட்டலாம், பழகியவனுக்கு ஒன்றும் ஆகாது, ஓவராகப் போனால் எனக்கே தெரியும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம்மூர் நம்பிக்கை. கொத்தனாரும் இதைச் சொல்கிறார், கோட்டுப் போட்டவரும் சொல்கிறார். மூன்றுமே பொய்.

அளவையே முதலில் எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிப்பது, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடைக்கணக்கில் சுமார் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் அதை மளமளவென்று குடித்து முடித்தால், இரத்தத்தில் தோராயமாக 125 மில்லிகிராம் ஏறும். சட்டம் சொல்வதைப்போல் நான்கு மடங்கு. “ஒரே ஒரு கட்டிங்தான்” என்று பாதிக் குவார்ட்டரோடு நிறுத்துகிறவரும் 60ஐத் தொட்டுவிடுகிறார். “நான் பீர் மட்டும்தான்” என்று பெருமைப்படுகிறவர் பாட்டில் லேபிளைப் படித்துப் பார்க்கட்டும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி குடித்தால் கட்டிங்கைவிட அதிக ஆல்கஹால் உள்ளே போகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இது கொஞ்சம் குறையும். ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் கூடும்.

ஏறியது இறங்குவதற்குக் கல்லீரல் மனசு வைக்கவேண்டும். அது மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலையில் ஒரு வாளித் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை உள்ளே தள்ளிவிட்டு, விடியற்காலை 5 மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறவர் அப்போதும் சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கக்கூடும். அவர் கணக்கில் அது ‘நேத்து குடிச்சது’.

அடுத்தது பழக்கம். 1960களில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், ஊதிப் பார்க்கும் கருவியைக் கண்டுபிடித்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காத ஓட்டுநர்களையும் ஊதச் சொல்லி ஒப்பிட்டார். மிகக் கொஞ்சமாகக் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட ஆபத்து சற்றுக் குறைவு என்பதுபோல் முதலில் தெரிந்தது. ‘ஒரு ரவுண்டு போட்டாத்தான் வண்டி நல்லா ஓடும்’ கட்சிக்கு இனிப்பான செய்திதான். ஆனால் அடிக்கடி குடிப்பவர், எப்போதாவது குடிப்பவர் என்று பிரித்துக் கணக்கிட்டபோது அந்த மாயம் கலைந்துவிட்டது. எந்தப் பிரிவிலும் குடி கூடக்கூட ஆபத்தும் கூடியது. பழகியவனுக்கு நாக்குக் குழறாது, கால் தள்ளாடாது. பழக்கம் தரும் சலுகை பெரும்பாலும் அவ்வளவுதான். குறுக்கே ஒரு மாடு வந்தால் அவன் கால் பிரேக்குக்குப் போகும் நேரம் நீளத்தான் செய்யும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் போய்விடும்.

எனக்கே தெரியும் என்பது எல்லாவற்றையும்விட மோசம். மது முதலில் கைவைப்பதே எது சரி, எது ஆபத்து என்று சீர்தூக்கும் திறனில்தான். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்கார்ந்து, தன்னையே விடுதலை செய்துகொள்கிற காரியம் இது.

‘குடித்து ஓட்டி நடக்கும் சாவு ரொம்பக் குறைவு சார், அரசாங்கமே சொல்கிறது’ என்று சிலர் புள்ளிவிவரத்தோடு வருகிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் குடி என்ற தலைப்பின்கீழ் வருவது சொற்பம், பெரும்பங்கு அதிவேகம் என்ற தலைப்பில். விபத்து நடந்ததும் இரத்தம் எடுக்காமல் விட்டு, ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்று எப்ஐஆரில் எழுதிவிட்டால் குவார்ட்டர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அந்த அதிவேகத்தை மிதித்தது எது என்று யார் கேட்டார்கள்?

தமிழ்நாட்டு அரசுக்குக் கேட்க வாயில்லை. 2003 முதல் சில்லறை மது வியாபாரமே அதன் கையில். தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உடனே சில மாநிலங்கள் கடையை நகர்த்துவதற்குப் பதில் சாலையின் வகைப்பாட்டை மாற்றின! மறு ஆண்டே நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் வந்துவிட்டது.

பிடிபட்டால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் அநியாயம் என்று புலம்புகிறவர்கள் இன்சூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தையும் ஒருமுறை படிக்கலாம். போதையில் ஓட்டி நொறுக்கிய காருக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். 2021இல் அப்படி மறுத்த ஒரு நிறுவனத்தின் பக்கம்தான் உச்ச நீதிமன்றம் நின்றது.

குடித்தவரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை, அவர் ஸ்டெடி. நான் கேட்பது கூட இருக்கிற உங்களை. சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். திட்டுவார், ‘என்னையே சந்தேகப்படுறியா’ என்பார், நாலு நாள் பேசாமலும் இருப்பார். பரவாயில்லை. ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்புங்கள். வண்டியைக் காலையில் அல்ல, மத்தியானம் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.