இரும்புப் பொடியும் இரவல் அறிவும்

ஆரல்வாய்மொழிக் கணவாயிலே வீசும் காற்றை மின்சாரமாக்குகிறோம். சுட்டெரிக்கும் வெயிலையும் மின்சாரமாக்குகிறோம். ஆனால் காற்று நாம் அழைத்தபோது வருவதன்று. கதிரவனோ விளக்கேற்றும் வேளையிலே விடைபெற்றுக்கொள்கிறான்! பகலிற் பெற்றதை இரவுக்குச் சேர்த்துவைக்கக் களஞ்சியம் வேண்டும். அந்தக் களஞ்சியமே மின்கலம். அதன் கதை, வேதியியல் வகுப்போடு முடிந்துவிடும் கதையன்று. அரசியல் அறிந்தோர் ஆய்ந்து பார்க்கவேண்டிய கதை.

லித்தியம் மின்கலங்கள் பலவற்றுக்குக் கோபால்ட் என்னும் உலோகம் தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சிறுவரின் பிஞ்சுக் கரங்களும் அதற்காக மண்ணைக் கிளறுவதை 2016இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அம்பலப்படுத்திற்று. மாசற்ற மின்சாரம், ஏழைக் குழந்தையின் கண்ணீரிலே கழுவப்பட்டுத்தான் வரவேண்டுமா?

வேண்டியதில்லை என்று காட்டிற்று இரும்பு! மலிவான இரும்புச் சேர்மங்களிலும் மின்னாற்றலைத் தேக்கலாம் என்ற வழியை 1980களின் பிற்பகுதியில், ஜான் குட்இனஃப் என்னும் பேரறிஞரோடு சேர்ந்து திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டிலே பிறந்து மதுரையிலே பயின்றவர். அவ்வழியே சென்று, 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உலகுக்கு அறிவித்தனர்.

ஆயினும் ஒரு குறை! அப்பொருள் மின்சாரத்தை எளிதில் கடத்தவில்லை. மெல்ல ஏற்றது, மெல்லத் தந்தது. குறை தீர்த்தது நானோ நுட்பம். கற்கண்டுக் கட்டி கரைய நேரமாகும். பொடித்துப் போட்டால் நொடியிலே கரையும் அன்றோ? அதுபோல் அப்பொருளை நூறு நானோமீட்டர் அளவுக்கு, அதாவது தலைமயிரின் பருமனிலே பல நூற்றில் ஒரு பங்காக, நுண்பொடியாக்கினர். துகள்தோறும் மெல்லிய கரிப்பூச்சும் இட்டனர். லித்தியம் கடக்கவேண்டிய தொலைவு குறைந்தது. மின்சாரம் ஓடக் கரி பாதையாயிற்று. சோம்பிக் கிடந்த இரும்பு துள்ளி எழுந்தது! 2024இல் உலக மின்வண்டி மின்கலச் சந்தையிலே ஏறத்தாழப் பாதியை அது பிடித்துவிட்டது.

பிடித்தது இரும்பு, பயன் பெற்றது யார்? பொடியிலே பெரும்பகுதியைச் செய்யும் சீனா! ஆய்வுக்கூடத்துக்கு அருகே ஆலையையும் எழுப்பியவர்கள் அவர்கள். அந்த நுட்பத்தை 2025 ஜூலையில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் கதவைச் சாத்தினார்கள் என்று கடிந்து பயனில்லை. நம் வீட்டிலே அடுப்பு மூட்டினோமா என்பதே கேள்வி.

நம்மிடம் விறகு இல்லையா? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்திட, காரைக்குடியிலே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டதே! மின்கல உற்பத்திக்கென ஒன்றிய அரசு 2021இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்திட்டம் அறிவித்ததே! ஆனால் பொடியை வெளியிலிருந்து வாங்கி, இங்கே அடைத்து, பெயர் பொறிப்பது தொழில் வளர்ச்சியாகுமா? இரவல் நகை எத்தனை நாளைக்கு அழகு தரும்?

ஆகவே நாம் கேட்கவேண்டியது இது: மின்கல ஆலைக்குத் தரும் ஊக்கம், நுண்பொடி ஆலைக்கும் வேண்டும், ஆய்வுக்கூடத்துக் குடுவையில் விளைந்தது ஆலையிலே டன் கணக்கில் விளையும்வரை அரசு துணைநிற்க வேண்டும், நம் இளைஞரின் அறிவுக்கு இங்கேயே களம் வேண்டும்.

படிப்பகத்திலே பேசுங்கள், தோழர்களே! தெருமுனையிலே விளக்குங்கள்! இரும்பு எளியோரின் உலோகம். அதன் பயன் எளியோரின் இல்லத்து விளக்கிலே ஒளிரட்டும்!