கத்தினால் திறக்கும் கேட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து குடும்பத்தோடு அமிர்திக்குப் போயிருந்தோம். ஜவ்வாது மலை அடிவாரம், சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை, கொஞ்சம் காடு. அருவியில் தண்ணீர் இருந்தால் அது போனஸ். நான் சொல்ல வந்தது அமிர்தியைப் பற்றி அல்ல, திரும்பி வந்த வழியைப் பற்றி.

காட்பாடி - விழுப்புரம் பாதையில் ஒரு ரயில்வே கேட். எந்த கேட் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே டியூட்டியில் இருந்தவருக்கு மெமோ போகும். மனிதர் அன்றைக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை.

கேட் சாத்தியிருந்தது. நாங்கள் மூன்றாவது வண்டி. ஐந்து நிமிஷத்தில் பின்னால் இருபது வண்டி சேர்ந்துவிட்டது. முதலில் ஒரு ஹாரன், அப்புறம் கச்சேரி. ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி கேபின் பக்கம் போனார். “இன்னாய்யா, ரயிலையே காணோம்! தொற, ரெண்டே நிமிஷம், பூட்றோம்.” அவருக்குத் துணையாக நாலு பேர். ஒரு வெள்ளைச் சட்டை, “யார்கிட்ட பேசணும், சொல்லு” என்று செல்போனை எடுத்தது. இதற்குள் ஒருவர் பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் குழந்தையோடு குனிந்து போனார்.

நானும் யோக்கியன் இல்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். வீட்டில் என்ன அவசரம் என்று கேட்டால் பதில் கிடையாது.

கேட் கீப்பர் கடைசி வரை அசையவில்லை. ரயில் போன பிறகுதான் திறந்தார். எனக்குள் ஒரு கேள்வி அப்போது உட்கார்ந்தது. இருபது பேர் கத்தும்போது அந்த மனிதர் பயந்துபோய்த் திறந்திருந்தால்? அப்படித் திறக்க முடியும் என்பதே சரியா?

திறக்க முடிகிற கேட்டுகள் உண்டு. 2025 ஜூலை 8-ம் தேதி காலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் இருந்தது அப்படி ஒன்றுதான். ஆள் இருந்த கேட். விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் பள்ளி வேன் மேல் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒரே வீட்டின் அக்காவும் தம்பியும்.

அன்றைக்கு நடந்த கூத்தை நினைத்துப் பாருங்கள். வேன் டிரைவர் வற்புறுத்தியதால்தான் கேட் திறக்கப்பட்டது என்றது ரயில்வே. கேட் திறந்துதான் கிடந்தது என்றார் டிரைவர். இந்த இடத்தில் சுரங்கப்பாதைக்கு நாங்கள் பணம் ஒதுக்கியும் மாவட்ட ஆட்சியர் ஒரு வருஷமாக அனுமதி தரவில்லை என்று அதே மூச்சில் இன்னொரு புகாரையும் ரயில்வே சொன்னது. கேட் கீப்பர் சஸ்பெண்ட், கைது. அவருக்குத் தமிழ் தெரியாது என்பது டீக்கடையில் நாலு நாள் பேச்சு. ஊர் மொழி தெரிந்தவர்தான் கேட்டில் இருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் தமிழ் தெரிந்த கேட் கீப்பரும் கேட்டை மூட மறக்கலாம். தமிழில் கத்தினால் இன்னும் சீக்கிரம் திறக்கவும் செய்யலாம்!

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ரயில்வே கேட்டில் இரண்டு சாதி. ஒன்று, சிக்னலோடு பூட்டிய கேட். இன்டர்லாக்கிங் என்பார்கள். கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். பச்சை விழுந்த பிறகு கேட் கீப்பரே நினைத்தாலும் சும்மா திறக்க முடியாது. திறந்து கிடக்கும் கேட்டுக்கு ரயில் வந்தால் அதற்கு சிவப்புதான்.

இன்னொன்று, டெலிபோன் கேட். ஸ்டேஷனிலிருந்து போன் வரும், “வண்டி வருது, கேட்டை மூடு.” கேட் கீப்பர் மூடிவிட்டு, தன்னிடம் இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை விடுவார். மூடினாரா, தூக்கக் கலக்கத்தில் எண்ணை மட்டும் சொன்னாரா என்று சிக்னலுக்குத் தெரியாது. செம்மங்குப்பத்தில் இருந்தது இந்த இரண்டாவது சாதி. கேட்டை மூடாமலேயே எண் சொல்லப்பட்டது என்று விசாரணையை ஒட்டிப் பத்திரிகைகள் எழுதின.

அமிர்தியில் மிருகங்கள் இருக்கும் கூண்டுக்குப் பூட்டு இருக்கிறது. காவலர், “மூடிட்டேன் சார்” என்று போனில் சொன்னால் போதும் என்று யாரும் விட்டுவிடவில்லை.

சரி, எல்லா கேட்டையும் சிக்னலோடு பூட்டிவிட வேண்டியதுதானே? அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வண்டி, இரண்டையும் பெருக்கு. செம்மங்குப்பத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கையின் வரம்பை 10,000-ஆகக் குறைத்தார்கள். எல்லா கேட்டிலும் கேமரா வைக்கவும் உத்தரவு போட்டார்கள். நல்லது. ஆனால் 20 ரயிலும் 400 வண்டியும் போகும் கிராமத்துக் கேட்டில் பெருக்கினால் 8,000. வரம்புக்குக் கீழே! அந்த நானூறில் பள்ளிக்கூட வேன் எத்தனை, உள்ளே பிள்ளைகள் எத்தனை என்பதற்குப் பெருக்கல் வாய்ப்பாட்டில் இடமே இல்லை.

அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-லேயே சொன்னது, ஐந்து வருஷத்தில் எல்லா லெவல் கிராஸிங்கையும் ஒழியுங்கள், 50,000 கோடி ரூபாய் ஆகும் என்று. தண்டவாளத்தில் அடிபட்டு வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள், இது படுகொலை என்ற கடுமையான வார்த்தையையும் அது பயன்படுத்தியது. இந்தச் சாவுகளை ரயில்வே தன் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அத்துமீறி நுழைந்தவர்களாம். தெலங்கானாவின் மாசாய்பேட்டையில் 2014-லும், உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் 2018-லும் பள்ளி வண்டிகள் நொறுங்கின. அதற்கெல்லாம் பிறகு, 2019 ஜனவரி 31-க்குள் அகலப்பாதையில் ஆளில்லா கேட் அத்தனையையும் ஒழித்தார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். அதோடு நமக்கு ஒரு நிம்மதி வந்துவிட்டது: ஆள் இருக்கிறார், இனி பயமில்லை என்று. அந்த நிம்மதியைத்தான் செம்மங்குப்பம் உடைத்தது.

கேட்டை எடுத்துவிட்டு சுரங்கப்பாதை என்ற பெயரில் பள்ளம் தோண்டுவதும் பல இடத்தில் நடக்கிறது. மழை பெய்தால் அது குளம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி ஓர் அரசு பெண் டாக்டர் இறந்துபோனார். கேட்டில் செத்தால் ரயில், பள்ளத்தில் செத்தால் மழை. பொறுப்பு மட்டும் யாருக்கும் கிடையாது.

எங்கள் பக்கமும் அதே கதை. ஆம்பூர் ரெட்டித்தோப்புக்காரர்களைக் கேளுங்கள். ரயில்வே தரைப்பாலத்தில் மழைநீர் நின்றால் என்ன செய்வார்கள்? ஷூ கம்பெனிக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். டிபன் பாக்ஸோடு தண்டவாளத்தின் மேலேறித்தான் போக வேண்டும். அது வந்தே பாரத் ஓடும் சென்னை - ஜோலார்பேட்டை பாதை. மணிக்கு 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே நொடிக்கு 30 மீட்டர். செருப்பு ஜல்லியில் சிக்கி எடுப்பதற்குள் 300 மீட்டர் வந்துவிடும். டிரைவர் பிரேக் போட்டாலும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். அந்தப் பெண்களுக்கு, ‘தண்டவாளத்தைக் கடப்பது குற்றம், ஆறு மாதச் சிறை’ என்று போர்டு வைத்திருக்கிறோம். தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் வைத்தால் அந்தப் போர்டுக்கு அர்த்தம் இருக்கும்.

ஆனால் அமிர்தி ரோட்டில் கம்பிக்கு அடியில் பைக்கை நுழைத்தவரை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவருக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. ஐந்து நிமிஷம் நின்றிருக்கலாம். மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, உடைத்தால் ஐந்து வருஷம். “தொற, தொற” என்று கத்தி கேட் கீப்பரைத் திறக்க வைத்தால்? அதற்குத் தண்டனை கேட் கீப்பருக்கு மட்டும்தான். கத்தினவன் சாயங்காலம் டி.வி.யில் செய்தி பார்த்து “அடப்பாவமே” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவான்.

இது டெலிபோன் கேட்டா, பூட்டிய கேட்டா என்று ஒவ்வொரு கேட்டின் முகப்பிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கட்டும். தன் பிள்ளை எந்த மாதிரி கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறது என்று பெற்றவர்களுக்குத் தெரியட்டும். எழுதினால், எத்தனை எம்.பி.க்களுக்கு போன் போகும் என்பது ரயில்வேக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுத மாட்டார்கள்.

அன்றைக்கு ரயில் போனதும் கேட் ஏறியது. இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி, சரியாகத் தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு லாரி, ஒரு பஸ், நடுவில் அந்த ஷேர் ஆட்டோ. பின்னால் போக யாரும் தயாராக இல்லை. இனி அடுத்த ரயிலுக்கு போன் வந்தாலும் கேட்டை இறக்க முடியாது. கேட் கீப்பர் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, பஸ்ஸை ஒரு கையால் தட்டித் தட்டிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை அவரைப் பார்த்து, “ஒரு கேட்டை ஒழுங்கா பார்த்துக்கத் தெரியலயே உனக்கு” என்று திட்டிக்கொண்டே போனது.