இலகு வேலை, முழுப்பேர்: கர்ப்பிணித் தாய்மாருக்காக நாம் கேட்பது



ஸ்கேன் பார்த்த டொக்டர் "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது" என்கிறார். "பாரம் தூக்காதே, ரெஸ்ட் எடு" என்று கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்புகிறார். நல்ல புத்திமதிதான். ஆனால் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை தென்னந்தோட்டங்களில் நாட்சம்பளத்துக்கு நிற்கிறவளுக்கு வேலைக்குப் போனால்தான் செக்ரோலில் பேர் விழும். ரெஸ்ட் எடுத்த நாளுக்குச் சம்பளம் யார் தருவது என்று கொப்பியில் எழுதப்படவில்லை. டொக்டர் அதை எழுத முடியாது. எழுத வேண்டியவர் தோட்ட அலுவலகத்தில் இருக்கிறார்.

முதலில் விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வோம். வைத்தியசாலையில் சூல்வித்தகம் என்று சொல்லும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு உணவும் காற்றும் போகின்றன. வழக்கமாக அது கருப்பையின் மேற்பக்கம் ஒட்டியிருக்கும். சிலருக்குக் கீழே, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் சிலருக்கு வாயையே மூடிவிடுகிறது. 20ஆம் வாரத்து ஸ்கேனில் கீழே தெரிந்தால் பயந்து சாக வேண்டாம். கருப்பை வளர வளர பெரும்பாலானோருக்கு அது மேலே போய்விடும். போய்விட்டதா என்று பார்க்கத்தான் 32ஆம் வாரமளவில் மறுபடி ஸ்கேன். ஒருநாள் பேர் போகுமே என்று அந்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

மேலே போகாதவர்களுக்குத்தான் ஆபத்து. வலியே இல்லாமல் சிவப்பாக இரத்தம் போகும். வலி இல்லாததால் "விடியட்டும், பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறோம். இருக்கக் கூடாது. கொஞ்சமாகப் பட்டாலும், பட்டு நின்றுவிட்டாலும், அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த முறை எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே போனதும் ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள். அது தெரியாமல் உள்ளே கைவைத்துப் பரிசோதித்தால் இரத்தம் பெருகும். முந்திய பிள்ளை சிசேரியன் என்றால் இன்னும் கவனம் தேவை. நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர்விட்டிருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் விசேட வைத்திய நிபுணரும் இரத்த வங்கியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். கூடை தூக்கியதால் நஞ்சு இறங்கியது என்று நாங்கள் சொல்லவில்லை. அது தொடக்கத்திலேயே கீழே ஒட்டிக்கொண்டது. அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை, மாமியார்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். நாள் முழுக்கப் பாயில் கிடந்தால் இரத்தம் போகவே போகாது என்ற உறுதியும் இல்லை. ஆகவே சும்மா இருக்கச் சம்பளம் கேட்கிறோம் என்று எந்தத் துரையும் கதை கட்ட வேண்டாம். காய் பறிக்கும் நாளில் கூடை சுமப்பதையும், தும்பு ஆலையில் ஊறிய மட்டையைத் தூக்குவதையும் அவளுக்குக் கொடுக்காதே என்கிறோம். பிள்ளை மடுவத்தில் ஆயாவுக்கு உதவியாக வை. நாற்றுமேடையில் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடு. அரைப்பேர் அல்ல, முழுப்பேர் போடு.

இது பிச்சை அல்ல. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையை, பிரசவத்துக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் அவளிடம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. கர்ப்பத்தையோ அதனால் வந்த நோயையோ காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. நிர்வாகங்கள் இதை எப்படி வாசிக்கின்றன? "கஷ்டமான வேலை தரக் கூடாதாம், அப்படியென்றால் வீட்டுக்குப் போ." பாதுகாக்க வந்த சட்டத்தையே பேரை வெட்டும் கத்தியாக்கிவிட்டார்கள்.

பிள்ளைக்காசுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சட்டம் தருவது 12 வாரம், பிரசவத்துக்கு முன் 2, பின் 10. மூன்றாம் பிள்ளைக்கும் அதே 12 வாரம் கிடைப்பது 2018 திருத்தத்தால்தான். நஞ்சுக்கொடி வாயை மூடியிருந்தால் இரத்தப்போக்குப் பயம் பெரும்பாலும் 28ஆம் வாரத்துக்குப் பின் கூடுகிறது. 37ஆம் வாரமளவில் சிசேரியன் செய்து பிள்ளையை எடுக்கிறார்கள். இடையில் 9 வாரம். காசு கிடைப்பது 2 வாரத்துக்கு. மீதி 7 வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால்தான் அவள் டொக்டர் சொன்னதை மறைத்துவிட்டுக் கூடையைத் தூக்குகிறாள்.

அடுத்தது கேட். இரவு பூட்டிய கேட்டின் திறப்பு பங்களாவில், வாச்சர் வேறு மூலையில், இரத்தம் போகிறவள் லயனில். 1990க்கு எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வந்த வண்டி கேட்டுக்கு வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பதற்கா? கர்ப்பிணி உள்ள ஒவ்வொரு லயனிலும் ஒரு திறப்பு இருக்க வேண்டும். அம்புலன்ஸ் வரத் தாமதமானால் தோட்டத்து லொறி புறப்பட வேண்டும். தேங்காய்க்கு நடுச்சாமத்தில் ஓடும் லொறிதானே அது.

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. "நாங்கள் ஒன்பது மாதமும் கூடை தூக்கினோமே" என்கிற பெரியம்மாக்களே, உங்களோடு தூக்கியவர்களில் திரும்பி வராதவர்களையும் எண்ணிச் சொல்லுங்கள். வயிற்றைத் தடவி நஞ்சை மேலே ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். அண்ணன்மாரே, தம்பிமாரே, இந்த மாதங்களில் தண்ணீர்க்குடம் உங்கள் தோளில் ஏறட்டும். அவள் இரும்புச்சத்துக் குளிசை போடுகிறாளா என்று கேளுங்கள். அவளுடைய இரத்த வகையைத் தெரிந்து வைத்திருங்கள். டொக்டர் விலகியிருக்கச் சொன்னால் விலகியிருங்கள்.

கீழே நஞ்சுக்கொடி என்று ஸ்கேனில் வந்த சகோதரிகள் அதன் பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். இலகு வேலை கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம் போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு பிரதி தொழில் திணைக்களத்துக்கும் போகும். வாய்ப்பேச்சாக "பார்ப்போம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். எழுதிக் கேட்டதற்கு எழுதித்தான் பதில் வர வேண்டும்.