அ வரிசையில் பதினாறு

இந்த இதழின் கடைசி இரண்டு பக்கங்களில் ‘அ’ என்று தொடங்கும் ஜப்பானியப் பாட்டுகள் பதினாறின் பட்டியல் வருகிறது. மொழிபெயர்ப்பு கிடையாது. கவிஞரின் பெயர், பாட்டின் முதல் சில அசைகள், அவ்வளவுதான். மகேந்திரா சிட்டியில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் தொகுத்துக் கொடுத்தார். அச்சுக்குப் போகுமுன்பே ஒரு சந்தாதாரர் கேட்டுவிட்டார்: செங்கல்பட்டிலிருந்து வரும் பத்திரிகைக்கு இது எதற்கு? நியாயமான கேள்வி. காகிதம் விற்கிற விலையில் இரண்டு பக்கம் என்பது சின்ன விஷயமில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர், நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாட்டு எடுத்து ஒரு தொகை செய்தார். ‘ஹியாகுனின் இஷ்ஷு’ என்று பெயர். ஒவ்வொரு பாட்டும் ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று முப்பத்தோரு அசை. எந்தப் பாட்டுக்கும் தலைப்பு இல்லை. இந்தத் தொகையை வைத்து ஜப்பானியர்கள் இன்றும் சீட்டு விளையாடுகிறார்கள். தரையில் பரப்பிய சீட்டுகளில் பாட்டின் பிற்பாதி மட்டும் இருக்கும். ஒருவர் பாட்டை முதலிலிருந்து ராகமிழுத்துப் படிப்பார். மனப்பாடமாகத் தெரிந்தவர் சீட்டைத் தட்டிவிடுவார். மு, சு, மே, ஃபு, ச, ஹோ, செ ஆகிய ஏழு எழுத்துகளில் தலைக்கு ஒரே பாட்டுதான் தொடங்குகிறது. அந்த ஒற்றை அசை காதில் விழுந்ததும் கை பாய்ந்துவிடும். அகரத்தில்தான் நெரிசல். பதினாறு பாட்டுகள். அவற்றில் இரண்டு, முதல் ஐந்து அசைகளும் ஒன்றேயாகத் தொடங்குகின்றன. ஆறாவது அசை வரும்வரை ஆட்டக்காரரின் கை அந்தரத்தில் நிற்கும்.

பட்டியலை அச்சுக்கோப்புக்குக் கொடுத்தபோது வரிசை பிசகாகத் தோன்றவில்லை. அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது அவர்கள் அகரவரிசை. ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழைய காலத்தில் பகர ஒலி இருந்தது என்கிறார்கள் மொழி நூலார். அப்படிப் பார்த்தால் நம் பிள்ளைகள் பலகையில் எழுதும் வரிசையேதான். பௌத்தத்தோடு சித்தம் என்ற இந்திய எழுத்து முறை அங்கே போனது, அதோடு ஒலிகளை அடுக்கும் இந்திய முறையும் போனது. இதைக் கண்டதும் ஜப்பானியம் தமிழின் தங்கை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. சுசுமு ஓனோ வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கருத்துக்காகச் செலவிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எங்களுக்கும் அதில் ஒப்புதல் இல்லை. அடுக்கும் முறையைக் கடன் வாங்கிக்கொண்டால் உறவாகிவிடுமா? ஒன்று மட்டும் ரசிக்கத்தக்கது. அந்த நூறு பாட்டில் ஒன்றுகூட ரகரத்தில் தொடங்கவில்லை. தொல்காப்பியமும் ரகரத்தைச் சொல்லின் வாசலில் நிற்க விடாது.

தலைப்பில்லாத பாட்டு நமக்குப் புதிதல்ல. தேவாரத்தின் எந்தப் பதிகத்துக்கும் பாடியவர் தலைப்பிடவில்லை. ஓதுவார் ஊர்ப்பெயரைச் சொல்வார், இல்லையென்றால் முதற்சொல்லைச் சொல்வார். அதனால்தான் பழைய பதிப்புகளின் பின்னால் ‘பாட்டு முதற்குறிப்பு’ என்று ஓர் அகராதி இருக்கும். கடைக்காரர்கள் அதைப் படிக்காத பக்கங்களாக நினைக்கிறார்கள். மறுபதிப்புகளில் காசை மிச்சப்படுத்த முதலில் வெட்டுவதும் அதையே. படித்துப் பார்த்தால் ருசி தெரியும். சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகம் ‘தோடு’ என்று தொடங்குகிறது. நம் திருக்கழுக்குன்றத்துக்கு அவர் பாடிய பதிகமும் ‘தோடு’தான். முதல் திருமுறையில் ஒன்று முதலாவது, மற்றொன்று நூற்று மூன்றாவது. முன்னதன் பண் நட்டபாடை, பின்னதன் பண் குறிஞ்சி. புத்தகத்தின் இரு கோடியில் கிடக்கும் இவை முதற்குறிப்பில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைக்கு முதன்முதல் கண்ணில் பட்ட காதணி கழுக்குன்றத்து மலையடியிலும் நினைவுக்கு வந்ததா என்று யோசிக்க வைப்பது, யாரோ ஒரு பதிப்பாசிரியர் பொறுமையாக அடுக்கிய பட்டியல்.

மாமல்லபுரத்துக்காரரான பூதத்தாழ்வாருக்கு முதற்குறிப்பு தேவையே இல்லை. அவருடைய இரண்டாம் திருவந்தாதி நூறு வெண்பா. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது பிறக்கிறது. ‘அன்பு’ என்று தொடங்கிய நூல் நூறாவது வெண்பாவின் கடைசிச் சொல்லாக ‘அன்பு’க்கே திரும்புகிறது. ஜப்பானியச் சிறுவர்களின் ‘ஷிரிதோரி’ விளையாட்டும் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான். ஒற்றை ‘ன்’னில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார், ஏனென்றால் அதில் எந்தச் சொல்லும் தொடங்காது. கல்யாண வேனில் அந்தாக்ஷரி ஆடி, ‘ழ’வில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு இது புரியும்.

முதலெழுத்துக்கு உயிரைக் கொல்லும் வலிமை உண்டென்றும் நம்மவர்கள் நம்பினார்கள். பாட்டியல் நூல்கள் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன. அமுத எழுத்தில் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்கு நன்மை, நச்செழுத்தில் தொடங்கினால் கேடு. மல்லைக்கும் காஞ்சிக்கும் அரசனாக இருந்த மூன்றாம் நந்திவர்மன் மீது பாடிய நந்திக் கலம்பகத்தில் அப்படி அறம் வைத்திருந்தார்களாம். அதைத் தெரிந்தே கேட்டு அவன் உயிர்விட்டானாம். கட்டுக்கதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தெள்ளாற்றில் வென்ற மன்னனை ஊர் நினைவில் வைத்திருப்பது அந்தக் கதையால்தான், வெற்றியால் அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டில் ஏறிய பாட்டுகள். நண்பரின் பட்டியல் எங்களைத் தொந்தரவு செய்தது வேறு ஒரு காரணத்துக்காக. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இந்தக் கரையில் வலை இழுக்கையில் பாடிய அம்பாப் பாட்டுகளுக்கு முதற்குறிப்பு எங்கே? மாசி மகத்துப் பௌர்ணமியில் கன்னியம்மனைக் கும்பிட இருளர்கள் மாமல்லபுரம் மணலில் கூடி இரவெல்லாம் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். சுற்றுலாப் படங்கள் ஏராளம். பாட்டுகளின் அகரவரிசை ஒன்றையாவது நாங்கள் பார்த்ததில்லை.

இதில் சிக்கலும் உண்டு. சீட்டாட்டப் பாட்டுக்கு ஒரே ஒரு தொடக்கம்தான். அம்பாவுக்கு அப்படி இல்லை. முன்பாட்டுக்காரர் எந்த அடியை வேண்டுமானாலும் முதலில் எடுப்பார். வலை கனத்தால் நீட்டுவார், இலகுவாக வந்தால் பாதியில் விட்டுவிடுவார். நேற்று நடுவில் வந்தது இன்று தலையில் நிற்கும். ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபின் இழுப்பின் தாளமே மாறிப்போனது. தொடக்கமே நிலையில்லாத பாட்டை முதலெழுத்தில் அடுக்குவது அபத்தம் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் வாதிட்டார். அபத்தம்தான். ஆனாலும் அடுக்கலாம் என்பது எங்கள் கட்சி. ஒரே பாட்டு நான்கு எழுத்தில் நான்கு முறை வரட்டும், எந்தக் குப்பத்தில் எந்த அடி முன்னே நின்றது என்பதாவது பதிவாகும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ பாடியதை எழுதி அனுப்புங்கள். முழுப் பாட்டு வேண்டாம், எடுப்பு போதும். எந்த வேலையின்போது பாடினார்கள், எந்த ஊர் என்பதைக் குறியுங்கள். பாடியவர் சம்மதித்தால் மட்டும் பெயர். இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். முக்கியமாக, ஏலேலோவையும் ஐலசாவையும் வெறும் கூப்பாடென்று வெட்டிவிட்டு ‘உண்மையான’ முதல் அடியைத் தேடாதீர்கள். பட்டியலில் ஏகார வரிசை மட்டும் பத்துப் பக்கம் நீண்டால் நீளட்டும்.