குப்பைக்கு உடையவர் யார்?

யாழ்ப்பாணத்துக் கந்தோர்களிலும் கடைகளிலும் பழைய ரியூப் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பூட்டுகிறார்கள். மின்சாரச் செலவு குறைகிறது. முதலாளியின் மனம் குளிர்கிறது. நன்று. ஆனால் கழற்றிய விளக்குகள் எங்கே போயின என்று கேட்டால், "குப்பை வண்டிக்காரன் கொண்டுபோய்விட்டான்" என்பதே விடை. அந்த ஒரு வரி விடையில் ஒளிந்திருக்கும் அநீதியை அம்பலப்படுத்தவே நாம் இன்று பேனா எடுத்தோம்.

ரியூப் விளக்கினுள் இருப்பது பாதரசம். விளக்கு உடைந்தால் அது ஆவியாகி மூச்சோடு கலக்கும். அதை வண்டியில் எறிந்து மிதித்து அமுக்குகிறவன் நகர சுத்தித் தொழிலாளி. அவன் கையில் உறையில்லை; முகத்தில் மறைப்பில்லை. விளக்கு மாத்திரமா? அச்சுப்பொறியின் ரோணர்க் கூடு, செத்த பற்றரி, பழுதடைந்த கணினி, வாகனத் திருத்தகத்தின் கழிவு எண்ணெய், பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் ஒட்டிய பொதியுறை ஆகிய அனைத்தும் இதே வழியில்தான் செல்கின்றன. எம்முடைய தொழிலும் இதற்கு விலக்கன்று. நீதி பேசும் சட்டத்தரணிகளின் கந்தோர்களிலிருந்தும் ரோணர்க் கூடுகள் குப்பைமேட்டுக்கே போகின்றன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இவற்றை மீட்டெடுக்க வழியில்லையா? உண்டு. விளக்கை மூடிய இயந்திரத்துள் நொறுக்கிக் கண்ணாடியையும் உலோகத்தையும் பாதரசப் பொடியையும் வெவ்வேறாகப் பிரிக்கலாம். ஈயத்தை உருக்கி மீண்டும் பற்றரிக்கே பயன்படுத்தலாம். கழிவு எண்ணெயைச் சுத்திகரித்து மறுபடி எண்ணெயாக்கலாம். இவை சிரமமானவை; செலவுள்ளவை. ஆனால் சிரமமானதை இயலாதது என்று சாதிப்பது சோம்பேறியின் தர்க்கம் அன்றோ?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லித் தப்ப முடியாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட விதிகள், ஆபத்தான கழிவுகளைச் சேர்ப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் மீள்சுழற்சி செய்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று விதித்தன. ஏட்டில் சட்டம் இருந்தது. குப்பைமேட்டில் பாதரசமும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று காணவில்லை!

ஏனைய ஊரவருக்கு இது அலட்சியமாகத் தோன்றலாம். எமக்கு அப்படியன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எமது கிணற்று நீர். அந்தக் கல் நீரை மறைத்து வைக்கும். நஞ்சை வடித்துத் தராது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை எவர் மறந்தார்? 2015 ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு மின்நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்பதே கட்டளை. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்ற நியாயம் எம் மண்ணிலேயே நிலைநாட்டப்பட்டது. பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தும் நியாயம் சின்னக் கராஜுக்கும், கந்தோருக்கும் பொருந்தாதோ?

"எமது கழிவு கொஞ்சம், அதற்காகத் தெற்கிலுள்ள ஆலைக்கு லொறி பிடிக்க முடியுமா?" என்று கேட்போர் உளர். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிணறும் கெடுகிறது. கொழும்பிலிருந்து விளக்கும் பற்றரியும் ரோணரும் ஏ-9 வீதியால் தாராளமாக வந்து சேருகின்றன. பொருள் வருவதற்குத் திறந்திருக்கும் பாதை, கழிவு திரும்புவதற்கு மாத்திரம் அடைபட்டுப் போனதெங்ஙனம்?

பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் கழிவு இந்நாட்டுக்கு வந்திறங்கியது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2022 பெப்ரவரியில் கடைசிக் கொள்கலன்களும் அனுப்பியவனிடமே திருப்பி அனுப்பப்பட்டன. நாடே மெச்சியது. அந்நியனுக்கு, "உன் குப்பையை நீயே எடு" என்று சொன்ன நாடு, உள்ளூர் இறக்குமதியாளனைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை?

ரியூப் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 ஆம் ஆண்டில் தீர்மானித்தன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. ஆகவே கழற்றப்படும் விளக்குகள் இனிக் குவியல் குவியலாக வரும். இன்று ஏற்பாடு செய்யாவிடின் அக்குவியல் முழுவதும் எம் நிலத்தில் விழும்.

ஆதலால் நாம் கோருவன இவை. விளக்கோ பற்றரியோ ரோணரோ வாங்கும் ஒவ்வொரு கந்தோரும், பழையதை விற்பவரே மீளப் பெறவேண்டும் என்ற ஒரு வரியைக் கொள்வனவு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். வழக்கறிந்த எமக்குத் தெரியும்: எழுதாத வாக்குறுதி காற்றோடு போகும். பிரதேச சபைகளும் மாநகர சபையும் இக்கழிவுகளுக்குப் பூட்டிய களஞ்சியம் அமைத்து, அனுமதிப்பத்திரம் பெற்றவரிடம் மாத்திரம் ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். அதன் செலவை முதலாளிமாரும் வர்த்தக சங்கங்களும் ஏற்கவேண்டும். தொழிற்சங்கங்கள், உடைந்த விளக்கையும் அமிலம் கசியும் பற்றரியையும் தொழிலாளி வெறுங்கையால் தொடமாட்டான் என்று அறிவிக்கவேண்டும். மீட்டெடுக்கவே முடியாத பொதியுறையை வாங்காது விடுவதே வழி.

கடைசியாக ஒன்று. கொழும்பிடம் நீதி கேட்டு மேடை தோறும் முழங்குகிறவர்கள் நாம். அதே வேளையில், எமது வீதியைக் கூட்டுகிறவனைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்து, எமது நஞ்சையும் அவன் கையிலேயே திணிக்கிறோம். கேட்கும் நீதியைக் கொடுக்கத் தெரியாதவனுக்குக் கேட்கும் உரிமை எங்கிருந்து வரும்? பொருளை வாங்கியபோது உடைமை எமது. அது பழுதானபோதும் உடைமை எமதே. இதை ஏற்றுக்கொண்டு, நாளைக் காலையில் எமது கந்தோர் மூலையிலுள்ள பெட்டியைத் திறந்து பார்ப்போம்.