கடல் இல்லாத கோரமண்டலும் கரையைப் பார்க்கும் படகும்

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கோலார் தங்கவயலின் வறண்ட மேட்டு நிலத்தில் அது நிற்கிறது. அங்கே அலையோசை இல்லை, உப்புக்காற்று இல்லை. ஒரு கடற்கரையின் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் கோரமண்டல் எனத் திரிந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள கரிமணல் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்போரும் உளர். எதுவாயினும், அக்கரையில் வலை இழுத்தவர்களோ உப்பு விளைவித்தவர்களோ தம் கரையை அவ்வாறு அழைக்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் நின்று கரையைத் தொலைவிலிருந்து நோக்கியவர்களின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் நாட்டில் தங்கம் தோண்ட வந்த ஆங்கில முதலீட்டாளர்கள் தம் சுரங்க நிறுவனம் ஒன்றுக்கு அதே பெயரைச் சூட்டினர். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்து பூமிக்குள் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களின் குடியிருப்புக்கு இவ்வாறே ஒரு கடற்கரைப் பெயர் வாய்த்தது.

கப்பல் தளத்திலிருந்து கரையைப் பார்க்கும் அந்தப் பார்வை இன்று மணிக்கணக்கில் விற்பனைக்கு வந்துள்ளது. மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா முன்பும், கோவாவின் மாண்டவி முகத்துவாரத்திலும், துபாய் மரினாவிலும் தனியார் உல்லாசப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து பேர், ஓரிரு மணி நேரம், பின்னணியில் இசை, மாலைச் சூரியன், நகரத்தின் கட்டடங்கள் ஒரே வரிசையில் ஒளிரும் காட்சி, கைப்பேசி நிறையப் படங்கள். வாடகை சில ஆயிரங்களில் தொடங்கிப் படகின் அளவுக்கேற்ப ஏறிக்கொண்டே போகும். பிறந்தநாள், திருமண நிச்சயம், அலுவலக ஒன்றுகூடல் என எதற்கும் இன்று இத்தகைய உலா ஏற்பாடு செய்யப்படுகிறது.

தங்கவயலின் இன்றைய இளைஞர்களுக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் அவ்வூரின் உழைப்பு பெங்களூருக்குத் திரும்பியது. நாள்தோறும் விடியுமுன் தொடர்வண்டியேறி இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் உண்டு. பாட்டன் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை குடைந்தான். பேரன் உடன் பணிபுரிவோருடன் பணம் பகிர்ந்து ஒரு மணி நேரம் கடல்மேல் நிற்கிறான். அந்தப் படத்தைப் பார்த்து, ஆடம்பரம் என்று முகம் சுளிப்பவர்கள் தங்கவயலின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

ஏனெனில் அங்கே ஓய்வும்கூடச் சமமாகப் பகிரப்படவில்லை. ஆங்கில அதிகாரிகளுக்குக் கிளப் இருந்தது, கோல்ஃப் திடல் இருந்தது, தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள் இருந்தன. தொழிலாளர்களுக்கு நெருக்கியடித்த லைன் வீடுகள் இருந்தன. பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி சுரங்க நகரத்துக்குக் குடிநீர் தந்தது. அதிகாரிகள் விடுமுறை நாளில் சென்று இளைப்பாறும் இடமாகவும் அதுவே விளங்கியது. நீரின் குளிர்ச்சியை ஒரு கூட்டம் கண்ணால் துய்க்க, மற்றொரு கூட்டம் அதைக் குடங்களில் மட்டுமே கண்டது. அத்தகைய ஊரில் பிறந்தவர்களிடம் சென்று, நீர்மேல் மிதந்து மகிழ்வது உங்களுக்குத் தகாது என்று கூறுவது பழைய வேலியைப் புதிய சொற்களால் மீண்டும் கட்டுவதே ஆகும். மகிழ்ச்சியை விரும்புவது குற்றமன்று.

கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு நகரத்தைக் கடலிலிருந்து காணும் வாய்ப்பு ஏன் வாடகைப் பொருளாக மட்டும் இருக்கிறது?

சோழமண்டலக் கரையின் தலைநகரான சென்னையையே எடுத்துக்கொள்ளலாம். மெரினாவில் மாலைதோறும் திரளும் மக்களில் எத்தனை பேர் அந்த மணற்பரப்பைக் கடலிலிருந்து பார்த்திருப்பர்? புனித ஜார்ஜ் கோட்டை, கலங்கரை விளக்கம், சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம், அடையாற்றின் முகத்துவாரம் ஆகிய யாவும் ஒரே கோட்டில் விரியும் காட்சி அந்நகரத்தாரில் மிகப் பெரும்பாலோருக்கு இன்றும் கிட்டவில்லை. துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று 1911இல் தொடங்கிய பாய்மரப் படகுக் குழு இன்றும் துறைமுகத்துக்குள் இயங்குகிறது. அதன் வாயில் உறுப்பினர்களுக்கானது. கோடிப்பேர் வாழும் கடற்கரை நகரத்தில், சீட்டு வாங்கி ஏறி, கரையோரமாக ஒரு மணி நேரம் சென்று திரும்பும் பொதுப் படகுச் சேவை இல்லை.

இதிலுள்ள முரணை வரலாறு இன்னும் கூர்மையாக்குகிறது. செயற்கைத் துறைமுகம் எழுவதற்கு முன் கப்பல்கள் சென்னைக்கு வெளியே ஆழ்கடலில் நங்கூரமிட்டன. ஆளுநர் முதல் எழுத்தர் வரை எவராயினும், கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலா படகில் ஏறி, உள்ளூர்ப் படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பித்தான் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் பயணநூலில் இக்கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளுக்குக் கட்டமரான் என்பதே பெயர். ஆக, தொழில்நுட்பத்தின் பெயரைத் தந்தவர்கள் இக்கரை மீனவர்கள். அந்தப் பெயருடைய படகு கடந்து செல்லும்போது வலை அறுந்துவிடுமோ என்று அஞ்சி நிற்பவர்களும் மீனவர்களே.

தனியார் உலாவில் மற்றொரு குறையும் உண்டு. அது எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கிறது. வாடகை கொடுப்பவர் அழகை விரும்புவார். ஆதலால் படகு அழகான பக்கமே செல்லும். இத்தகைய உலா சென்னையில் வந்தாலும் அது மெரினாவைச் சுற்றும், எண்ணூரைச் சுற்றாது. அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும், சாம்பல் படிந்த கழிமுகமும், அலைதடுப்புக் கற்களுக்கு இடையே சுருங்கிப்போன குப்பங்களும் அந்தப் பாதையில் வாரா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசத்தலையாற்றின் முகத்துவாரத்தில் பரவியபோது, படகுகளும் வலைகளும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. வடசென்னை மீனவர்கள் பல நாள் தொழிலின்றி நின்றனர். நகரத்தின் தென்பகுதியில் வாழ்வோருக்கு அது தொலைக்காட்சிச் செய்தியாகவே கடந்துபோயிற்று. கரை முழுவதையும் கண்ணால் கண்டு பழகிய குடிமக்கள் அவ்வளவு எளிதில் கடந்து போயிருக்க மாட்டார்கள். எதைக் காண்கிறோமோ அதற்காகவே பரிந்து பேசுகிறோம்.

தங்கவயல் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தங்கம் பிரித்தபின் எஞ்சிய மண் மலைபோல் குவிந்த சயனைடு மேடுகள் அவ்வூரின் அடையாளம். திரைப்படக் குழுவினர் அங்கே வந்து படம் பிடித்தனர். அண்மைக் காலத்தில் ஊரின் பெயர் திரைப்படத்தால் புகழ்பெற்றபின் பார்வையாளர்களும் வந்து படமெடுத்துச் செல்கின்றனர். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் தூளாகப் பறந்து வீடுகளுக்குள் படிவதும், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு முதியோர் இருமியதும் அப்படங்களில் இடம்பெறுவதில்லை. ஒரு மணி நேரப் பார்வை எதைத் தவறவிடும் என்பதைப் பார்க்கப்பட்டவர்களே அறிவர். அவ்வறிவோடு அவர்கள் படகேறும்போது, கரையில் தெரியும் சிறு புள்ளிகளும் மனிதர்களே என்பதை மறக்கலாகாது.

இனி, பாதுகாப்பு. உல்லாசப் படகை வாடகைக்கு எடுப்போருக்கு உயிர்காப்பு அங்கி, பயிற்சி பெற்ற ஓட்டுநர், அளவான கூட்டம் ஆகியவற்றை எதிர்பார்க்கும் வசதி உண்டு. பணமில்லாதோருக்கு எது கிடைக்கிறது? 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகை மாற்றியமைத்து, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தனர். இவ்விரு நாள்களிலும் இறந்தவர்கள் விரும்பியதும் சிறிது நேரம் நீர்மேல் செல்வதையே. நல்ல படகு செல்வருக்கு, கவிழும் படகு ஏழைக்கு என்னும் நிலைக்குத் தடையாணை மட்டும் விடையாகாது. தடை விதிக்கப்பட்ட இடத்தில் ஆசை அழிவதில்லை. அது கண்காணிப்பு இல்லாத இடத்தைத் தேடிச் செல்கிறது.

விடை ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. கன்னியாகுமரியில் தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறது. குகன், பொதிகை, விவேகானந்தா என அப்படகுகளுக்குப் பெயர். செல்வரும் வறியவரும் பயணச்சீட்டு வாங்கிப் படகேறி, நாட்டின் பெருநிலப்பரப்பின் தென்முனையைக் கடலிலிருந்து காண்கின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளில் சேவை நிறுத்தப்படுகிறது. எவரும் அதைக் குறையாகக் கொள்வதில்லை. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோவில் 20 ரூபாய்க்கும் பயணச்சீட்டு உண்டு. கொச்சிக் கப்பல் கட்டுந்தளத்தில் உருவான மின்கலப் படகுகளில் தீவுவாசிகள் வேலைக்குச் செல்கின்றனர். சுற்றுலா வந்தவர்களும் அதே சாளரத்தின் வழியே அதே நீரைப் பார்க்கின்றனர். ஹாங்காங்கின் ஸ்டார் படகுச் சேவையும் சிட்னியின் மேன்லி படகுச் சேவையும் அவ்வாறே அன்றாடப் போக்குவரத்தாகவும் கண்ணுக்கு விருந்தாகவும் நெடுங்காலமாக விளங்குகின்றன. அழகைப் பொதுவில் வைத்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

சென்னைக் கடல் கொச்சிக் காயலைப்போல் அமைதியானதன்று என்பது நியாயமான மறுப்பே. திறந்த கடல், உயர்ந்து உடையும் அலை, வடகிழக்குப் பருவமழை, துறைமுகப் பாதுகாப்பு விதிகள் ஆகிய அனைத்தும் உண்மை. ஆனால் கன்னியாகுமரிக் கடலும் சாதுவானதன்று. ஆண்டில் சில மாதங்கள் மட்டும், நாளில் சில மணி நேரம் மட்டும், துறைமுகத்தின் அரணுக்குள்ளிருந்து புறப்பட்டுத் திரும்பும் சேவை நினைத்துப் பார்க்க முடியாததன்று. அதற்கென வடிவமைத்த படகு வேண்டும்; ஏறுவோரை ஒவ்வொருவராக எண்ணும் வாயில் வேண்டும்; பருவநிலை எச்சரிக்கைக்கு உடனே கட்டுப்படும் ஒழுங்கு வேண்டும். இக்கடலின் நீரோட்டத்தையும் காற்றையும் மரபாக அறிந்த மீனவ இளைஞர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் அளித்து, அவர்களைச் சுக்கானில் அமர்த்த வேண்டும். மீன்பிடிப் படகையே மாற்றி ஓட்டும் குறுக்குவழி கூடாது என்பதைத் தானூர் கற்பித்துவிட்டது. படகின் பாதை மெரினாவோடு நின்றுவிடாமல் எண்ணூர் வரையிலும் நீள வேண்டும். வலை விரிக்கும் இடங்களையும் நேரங்களையும் மீனவ ஊர்களே வகுத்துச் சொல்ல வேண்டும்.

தனியார் உல்லாசப் படகுகள் இருந்துவிட்டுப் போகட்டும். வாடகைக் கார்கள் இருப்பதால் பேருந்து தேவையற்றதாகிவிடுவதில்லை. ஆனால் பேருந்தே இல்லாமல் வாடகைக் கார் மட்டும் ஓடும் ஊரை எவரும் நல்ல ஊர் என்று சொல்லமாட்டார். கடல்வழிக் காட்சியில் நம் கரையோர நகரங்கள் பலவும் இன்று அந்நிலையில்தான் இருக்கின்றன.

நந்திமலைப் பக்கம் தோன்றி, பேத்தமங்கலத்தில் தங்கவயலுக்கு நீர் தந்து, வேலூரையும் காஞ்சிபுரத்தையும் கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வங்கக்கடலைச் சேர்கிறது பாலாறு. 348 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கோரமண்டல். அதன் முடிவில் மற்றொரு கோரமண்டல். முதல் கோரமண்டலின் நிலையத்தில் தொடர்வண்டி ஏறும் ஒரு குடும்பம், தன் ஊருக்குப் பெயர் தந்த கரையைக் கடலிலிருந்து காண விரும்பினால், அதற்கு ஒரு மாத ஊதியம் தேவைப்படக் கூடாது. உயிரைப் பணயம் வைக்கவும் கூடாது. ஒரு பயணச்சீட்டு போதுமானதாக இருக்க வேண்டும்.